மதமா, ராஜத்துரோகமா? முதலாம் எலிசபெத் காலத்து இங்கிலாந்துக் கத்தோலிக்கர்கள்: அடிக்கடி கேட்கப்படும் கேள்விகள்

முதலாம் எலிசபெத் 1558 முதல் 1603 வரை இங்கிலாந்தை ஆண்டார். அந்த 45 ஆண்டுகளில் ஏறத்தாழ 190 கத்தோலிக்கர்கள் மரண தண்டனை பெற்றார்கள். அவர்களில் மூன்றில் இரண்டு பங்கு குருமார். அரசு அவர்களை ராஜத்துரோகிகள் என்றது. கத்தோலிக்கத் திருச்சபை அவர்களில் பலரை வேதசாட்சிகள், அதாவது நம்பிக்கைக்காக உயிர் கொடுத்தவர்கள், என்றது. இரண்டு பக்கமும் தங்கள் பேச்சை முழு மனதோடு நம்பின. இந்த வரலாற்றைப் படிக்கிறவர்கள் வழக்கமாகக் கேட்கும் கேள்விகளை இங்கே எடுத்துக்கொண்டிருக்கிறேன். ஒவ்வொரு வழக்கிலும் நான் முதலில் தேடுவது ஒன்றைத்தான்: குற்றம் சாட்டப்பட்டவர் உண்மையில் என்ன செய்தார்?

இங்கிலாந்து எப்படிப் புராட்டஸ்டன்ட் நாடானது?

ஒரே மூச்சில் ஆகவில்லை. எலிசபெத்தின் தந்தை எட்டாம் ஹென்றி 1534இல் ரோமுடன் உறவை முறித்துக்கொண்டு, இங்கிலாந்துத் திருச்சபைக்குத் தானே தலைவர் என்று சட்டம் இயற்றினார். அவருடைய மகன் ஆறாம் எட்வர்ட் காலத்தில் வழிபாடு முழுக்கப் புராட்டஸ்டன்ட் முறைக்கு மாறியது. 1553இல் மூத்த மகள் முதலாம் மேரி வந்ததும் நாடு மறுபடி ரோமோடு சேர்ந்தது. 1558 நவம்பரில் எலிசபெத் அரியணை ஏறியதும் திரும்பவும் புராட்டஸ்டன்ட் ஆனது.

25 ஆண்டுகளுக்குள் இத்தனை திருப்பம். 1530இல் பிறந்த ஒரு கிராமத்துக்காரர் முப்பது வயதாவதற்குள் லத்தீன் பூசை, ஆங்கில வழிபாடு, மறுபடி லத்தீன் பூசை, மறுபடி ஆங்கில வழிபாடு என்று எல்லாவற்றையும் அதே ஊர்க் கோயிலில், சில இடங்களில் அதே குருவின் வாயாலேயே, கேட்டிருப்பார். இதுவும் மாறிவிடும் என்று பலர் காத்திருந்ததில் வியப்பில்லை.

ராஜத்துரோகம் என்று அன்றைய சட்டம் எதைச் சொன்னது?

அடிப்படைச் சட்டம் 1352இல், மூன்றாம் எட்வர்ட் காலத்தில் வந்தது. மன்னரின் சாவை நினைப்பது, திட்டமிடுவது, மன்னருக்கு எதிராகப் போர் தொடுப்பது, மன்னரின் எதிரிகளுக்குத் துணைபோவது ஆகியவை ராஜத்துரோகம். இதில் குற்றம் ஓரளவுக்குக் கண்ணுக்குத் தெரியும் செயலோடு கட்டப்பட்டிருந்தது.

ஹென்றி இதை நீட்டினார். 1534ஆம் ஆண்டுச் சட்டத்தின்படி, மன்னரின் பட்டங்களைக் கெட்ட எண்ணத்தோடு வாயால் மறுத்தாலே துரோகம். ஹென்றியின் முன்னாள் அமைச்சர் தாமஸ் மோரும் ஆயர் (பிஷப்) ஜான் ஃபிஷரும் 1535இல் தலை வெட்டப்பட்டது இதன்படிதான். ஆக, மத நம்பிக்கையை ராஜத்துரோகச் சட்டத்துக்குள் கொண்டுவரும் வழியை எலிசபெத்துக்கு முன்பே தந்தை போட்டுவிட்டார்.

தண்டனை கொடூரமானது. சாதாரண ஆண்களை ஒரு மரச் சட்டகத்தில் கட்டித் தெருவழியே இழுத்துப்போய், தூக்கிலிட்டு, உயிர் போகும் முன்பே கயிற்றை அறுத்து, குடலை உருவி, உடலை நான்காகப் பிளப்பார்கள். பிரபுக்களுக்குப் பெரும்பாலும் தலை வெட்டு. பெண்களுக்குச் சட்டம் வைத்திருந்தது தீ. அதோடு முடியாது, துரோகியின் சொத்தெல்லாம் அரசுக்குப் போகும், வாரிசுகளுக்கு ஒன்றும் மிஞ்சாது.

விசாரணையில் குற்றவாளிக் கூண்டில் நிற்பவருக்கு வழக்கறிஞர் கிடையாது. ராஜத்துரோக வழக்கில் வழக்கறிஞர் வைத்துக்கொள்ளும் உரிமை 1696இல்தான் வந்தது.

எலிசபெத் வந்ததுமே கத்தோலிக்கர்களைக் கொல்லத் தொடங்கினாரா?

இல்லை. இந்த இடத்தில் அவருக்கு நியாயம் செய்ய வேண்டும். 1559இல் இரண்டு சட்டங்கள் வந்தன. ஒன்று அவரைத் திருச்சபையின் 'உயர் ஆளுநர்' ஆக்கியது. தந்தை வைத்துக்கொண்ட 'தலைவர்' என்ற பட்டத்தை வேண்டுமென்றே தவிர்த்தார். மற்றொன்று எல்லோரும் ஞாயிறும் பண்டிகை நாளும் ஊர்க் கோயிலுக்கு வர வேண்டும், வராதவருக்கு ஒரு தடவைக்கு 12 பென்னி அபராதம் என்றது. மேரி காலத்து ஆயர்களில் ஒருவர் தவிர மற்ற அனைவரும் அந்தப் பட்டத்தை ஏற்கும் உறுதிமொழியை எடுக்க மறுத்துப் பதவி இழந்தார்கள். ஆனாலும் முதல் பத்து ஆண்டுகளுக்கு மேல் எந்தக் கத்தோலிக்கரும் மதத்துக்காகக் கொல்லப்படவில்லை.

மனிதர்களின் இதயத்துக்குள் ஜன்னல் வைத்துப் பார்க்க அரசி விரும்பவில்லை என்று பிரான்சிஸ் பேக்கன் எழுதியது இன்றுவரை மேற்கோள் காட்டப்படுகிறது. உள்ளே எதை வேண்டுமானாலும் நம்பிக்கொள், வெளியே கோயிலுக்கு வந்துவிடு என்பதே அவருடைய எதிர்பார்ப்பு. பழைய தலைமுறைக் குருமார் ஒவ்வொருவராக இறந்துபோக, பழைய மதமும் சத்தமில்லாமல் மறைந்துவிடும் என்று அவருடைய அமைச்சர்கள் கணக்குப் போட்டார்கள். சில ஊர்களில் அந்தக் கணக்கு சரியாகவும் வந்தது.

அப்புறம் எது மாறியது?

மூன்றே ஆண்டுகளில் எல்லாம் மாறியது.

1568 மே மாதம் ஸ்காட்லாந்து ராணி மேரி, தன் நாட்டில் அரியணையை இழந்து, படகேறி இங்கிலாந்துக்கு வந்துவிட்டார். அவர் எட்டாம் ஹென்றியின் அக்காவின் பேத்தி. கத்தோலிக்கர். கத்தோலிக்கச் சட்டப்படி ஹென்றி, எலிசபெத்தின் தாய் ஆன் பொலினை மணந்ததே செல்லாது, அதனால் எலிசபெத் முறைப்படி பிறந்தவரே அல்ல. அப்படிப் பார்த்தால் உரிமை மேரிக்குத்தான் போக வேண்டும். இப்படிப்பட்ட ஒருவரை எலிசபெத்தால் வைத்துக்கொள்ளவும் முடியவில்லை, அனுப்பவும் முடியவில்லை. காவலில் வைத்தார். அந்தக் காவல் ஏறக்குறைய 19 ஆண்டுகள் நீண்டது.

1569 நவம்பரில் வடக்கே இரண்டு பிரபுக்கள், நார்தம்பர்லண்டும் வெஸ்ட்மோர்லண்டும், கிளர்ந்தெழுந்தார்கள். டர்ஹம் பேராலயத்துக்குள் நுழைந்து ஆங்கில வேதாகமத்தையும் ஜெபப் புத்தகத்தையும் கிழித்தெறிந்து, லத்தீன் பூசை வைத்தார்கள். சில வாரங்களில் கிளர்ச்சி கலைந்தது. பழிவாங்கல் கடுமையாக இருந்தது. வடக்குக் கிராமங்களில் நூற்றுக்கணக்கான சாதாரண ஆட்கள் தூக்கிலிடப்பட்டார்கள். மேலே சொன்ன 190 கணக்கில் இவர்கள் சேரவில்லை.

1570 பிப்ரவரி 25 அன்று போப் ஐந்தாம் பயஸ் ஓர் ஆணை மடல் வெளியிட்டார். எலிசபெத்தைத் திருச்சபையிலிருந்து விலக்கினார். அவருக்கு அரியணை உரிமை இல்லை என்றார். குடிமக்கள் அவருக்குக் கீழ்ப்படியக் கூடாது, கீழ்ப்படிந்தால் அவர்களுக்கும் அதே விலக்கு என்றார். ஜான் ஃபெல்டன் என்பவர் அதன் பிரதியை லண்டன் ஆயர் மாளிகைக் கதவில் ஆணியடித்தார். ஆகஸ்டில் அவருக்கு மரண தண்டனை நிறைவேறியது.

அந்த மடல் கத்தோலிக்கர்களுக்கு உதவியதா?

பெரும் கேடு செய்தது. என் பார்வையில் அந்த 45 ஆண்டுகளில் இங்கிலாந்துக் கத்தோலிக்கர்களுக்கு நேர்ந்த மிக மோசமான நிகழ்வு அதுதான், அதுவும் அவர்கள் தந்தை என்று அழைத்தவரிடமிருந்தே வந்தது. கிளர்ச்சிக்குக் கைகொடுக்க எழுதப்பட்ட மடல், கிளர்ச்சி அடங்கிய பிறகே வந்து சேர்ந்தது. அதுவரை ஒரு விவசாயியோ வியாபாரியோ மனதில் கத்தோலிக்கராகவும் நடப்பில் ராணியின் குடிமகனாகவும் இருக்க முடிந்தது. மடல் வந்த பிறகு இரண்டில் ஒன்றைத் தேர்ந்தெடு என்று ரோம் சொல்ல, லண்டனும் அதையே திருப்பிச் சொன்னது.

1571இல் நாடாளுமன்றம் பதில் கொடுத்தது. ராணியை மதவிரோதி என்றோ அரியணையைப் பறித்தவர் என்றோ சொன்னால் ராஜத்துரோகம். போப்பின் மடல்களை நாட்டுக்குள் கொண்டுவந்தால் ராஜத்துரோகம். 1580இல் போப் பதின்மூன்றாம் கிரகோரி, இப்போதைய நிலையில் அந்த மடல் கத்தோலிக்கர்களைக் கட்டுப்படுத்தாது என்று விளக்கம் கொடுத்தார். அமைச்சர்கள் அதைக் கேட்டு இன்னும் கொதித்தார்கள். 'இப்போதைய நிலையில்' என்றால் நிலைமை மாறினால் என்ன ஆகும் என்பது அவர்கள் கேள்வி. அந்தக் கேள்வியைத் தவறென்று சொல்ல முடியாது.

புராட்டஸ்டன்டுகளின் பயம் உண்மையா, நாடகமா?

உண்மை. எலிசபெத்தின் அக்கா முதலாம் மேரி காலத்தில் நான்கு ஆண்டுகளுக்குள் சுமார் 280 புராட்டஸ்டன்டுகள் உயிரோடு எரிக்கப்பட்டிருந்தார்கள். அவர்களில் நெசவாளர்கள், கூலிக்காரர்கள், விதவைகள் உண்டு. ஜான் ஃபாக்ஸ் அவர்களின் கதைகளைத் தொகுத்து 1563இல் வெளியிட்ட பெரிய நூல் பேராலயங்களில் வைக்கப்பட்டது. எரிந்தவர்களை நேரில் பார்த்தவர்கள் இன்னும் உயிரோடு இருந்த காலம் அது.

1572 ஆகஸ்டில் பாரிசில் பர்த்தலேமேயு திருநாளில் தொடங்கி ஆயிரக்கணக்கான புராட்டஸ்டன்டுகள் வெட்டிக் கொல்லப்பட்டார்கள். 1584இல் டச்சுப் புராட்டஸ்டன்டுகளின் தலைவர் ஆரஞ்சு இளவரசர் வில்லியம் தன் வீட்டிலேயே சுட்டுக் கொல்லப்பட்டார். 1588இல் ஸ்பெயினின் கப்பல் படை ஆங்கிலக் கால்வாய்க்கே வந்துவிட்டது. எலிசபெத்துக்குப் பிள்ளை இல்லை. ஸ்காட்லாந்து ராணி மேரி உயிரோடு இருந்தவரை, எலிசபெத் மேல் ஒரு குண்டு பட்டால் அடுத்த நாள் கத்தோலிக்க மேரி ராணியாகிவிடுவார் என்ற நிலை. இந்தப் பயத்தை மறந்துவிட்டு அந்தக் காலத்துச் சட்டங்களை மட்டும் படித்தால் ஒன்றும் புரியாது.

வெளிநாட்டில் படித்துவிட்டு ரகசியமாக வந்த குருமார் யார்?

இங்கிலாந்தில் கத்தோலிக்கக் குருமாரை உருவாக்க வழியில்லை. அதனால் வில்லியம் ஆலன் 1568இல் இன்றைய பிரான்சில் உள்ள டூவே நகரில் ஒரு குருமடம் தொடங்கினார். அங்கே படித்த இளைஞர்கள் 1574 முதல் மாறுவேடத்தில் கரையிறங்கினார்கள். அவர்களில் முதலில் கொல்லப்பட்டவர் கத்பர்ட் மெய்ன், 1577இல், கார்ன்வாலில்.

இவர்களில் மிகவும் பேசப்பட்டவர் எட்மண்ட் கேம்பியன். ஆக்ஸ்போர்டின் நட்சத்திரப் பேச்சாளர். 1566இல் எலிசபெத் ஆக்ஸ்போர்டு வந்தபோது அவர் முன்னால் பேசிப் பாராட்டு வாங்கியவர். புராட்டஸ்டன்ட் திருச்சபையில் பெரிய பதவி காத்திருந்தது. அதை விட்டுவிட்டு டூவே போய், பிறகு ரோமில் இயேசு சபை (ஜெசூட்) என்ற துறவற அமைப்பில் சேர்ந்தார். 1580 ஜூனில் நகை வியாபாரி வேடத்தில் டோவரில் இறங்கினார். அரச ஆலோசனைச் சபைக்கு ஒரு திறந்த கடிதம் எழுதினார். நான் போதிக்கவும் அருட்சாதனங்களைக் கொடுக்கவும் வந்தவன், அரசியலில் தலையிடக் கூடாது என்று என் மேலதிகாரிகளே தடுத்திருக்கிறார்கள் என்பது அதன் சாரம்.

அதே 1580 செப்டம்பரில் போப்பின் ஆதரவோடு சில நூறு இத்தாலிய, ஸ்பானியச் சிப்பாய்கள் அயர்லாந்தில் ஸ்மெரிக் கரையில் இறங்கியிருந்தார்கள். லண்டனில் உட்கார்ந்திருந்த அமைச்சருக்கு இரண்டு செய்தியும் சேர்ந்தே வந்தது. போப் ஒரு கையில் குருவையும் மறு கையில் சிப்பாயையும் அனுப்புகிறார் என்றுதான் அவருக்குத் தோன்றும்.

1581 ஜூலையில் பெர்க்ஷயரில் ஒரு வீட்டுச் சுவருக்குள் ஒளிந்திருந்த கேம்பியன் பிடிபட்டார். லண்டன் டவர் என்ற கோட்டைச் சிறையில் கைகால்களை இருபுறமும் இழுக்கும் கருவியில் அவரைப் பலமுறை வதைத்தார்கள். நவம்பர் 20 அன்று விசாரணை. ரோமிலும் ரீம்ஸ் நகரிலும் கூடி ராணியைக் கொல்லச் சதி செய்தார்கள் என்று பழைய 1352ஆம் ஆண்டுச் சட்டப்படி வழக்கு. அந்தக் கூண்டில் நின்றவர்களில் சிலர் அதற்கு முன் ஒருவரை ஒருவர் பார்த்ததே இல்லை. எங்களைத் தண்டிப்பதன் மூலம் உங்கள் முன்னோர் அனைவரையும், இங்கிலாந்தின் பழைய ஆயர்களையும் அரசர்களையும் தண்டிக்கிறீர்கள் என்று கேம்பியன் நீதிமன்றத்தில் சொன்னார். டிசம்பர் 1 அன்று லண்டனின் தூக்குமேடை இடமான டைபர்னில், ராணிக்காக ஜெபித்துவிட்டு இறந்தார்.

அவர் என்ன செய்தார்? பூசை வைத்தார், பாவசங்கீர்த்தனம் (மக்கள் தங்கள் பாவங்களைக் குருவிடம் ஒப்புக்கொள்வது) கேட்டார், ஒரு நூல் எழுதி ரகசியமாக அச்சிட்டார். கொலைச் சதிக்கு நம்பத்தக்க ஆதாரம் ஏதும் இல்லை என்பதுதான் என் முடிவு.

'ரத்தக் கேள்வி' என்பது என்ன?

பிடிபட்ட குருமாரிடம் கேட்கப்பட்ட கேள்விக்குக் கத்தோலிக்கர்கள் வைத்த பெயர். போப் நாளைக்கு ஒரு படையை அனுப்பினால் நீ யார் பக்கம் நிற்பாய்? 'ராணி பக்கம்' என்றால் போப்பின் அதிகாரத்தை மறுத்ததாகும். 'போப் பக்கம்' என்றால் கழுத்துக்குக் கயிறு. 'அது நடக்கும்போது யோசிப்பேன்' என்று பலர் சொன்னார்கள். அதையும் துரோக மனம் என்றே எடுத்துக்கொண்டார்கள்.

பேக்கன் சொன்ன அந்த ஜன்னலை அரசு இப்போது இதயத்தில் வைத்தேவிட்டது. செய்யாத செயலுக்கு, வராத படையை முன்வைத்து, மனதைத் தோண்டிப் பார்த்தார்கள். ஒரு நாட்டுக்குத் தன்னைப் பாதுகாக்க உரிமை உண்டு, ஒப்புக்கொள்கிறேன். ஆனால் இந்தக் கேள்விக்கு வந்த பதிலை வைத்து ஒருவரின் உயிரை எடுப்பது பாதுகாப்பு ஆகாது.

1585ஆம் ஆண்டுச் சட்டத்தை ஏன் எல்லோரும் குறிப்பிடுகிறார்கள்?

அதுதான் கடைசித் திரையையும் விலக்கியது. 1559 ஜூன் 24க்குப் பிறகு வெளிநாட்டில் குருப்பட்டம் பெற்றவர் யாராக இருந்தாலும் 40 நாளில் நாட்டை விட்டுப் போக வேண்டும். அதற்குப் பிறகு இங்கிலாந்து மண்ணில் இருந்தாலே ராஜத்துரோகம். அவருக்குத் தெரிந்தே இடம் கொடுத்தவருக்கும் தூக்கு.

இதற்குப் பிறகு வழக்கு நடத்துவது எளிதாகிவிட்டது. சதி இருந்ததா என்று பார்க்க வேண்டாம். இவர் குருவா, எங்கே பட்டம் பெற்றார் என்று மட்டும் பார்த்தால் போதும். 1583இல் அமைச்சர் வில்லியம் செசில், யாரும் மதத்துக்காகத் தண்டிக்கப்படவில்லை, துரோகத்துக்காகவே தண்டிக்கப்படுகிறார்கள் என்று நூலே எழுதியிருந்தார். இரண்டே ஆண்டில் வந்த இந்தச் சட்டத்தின் முன் அந்த வாதம் நிற்கவில்லை.

மார்கரெட் கிளித்ரோ யார்? அவர் வழக்கை ஏன் இத்தனை பேர் கேட்கிறார்கள்?

யார்க் நகரத்தில் கசாப்புக் கடைக்காரர் ஜான் கிளித்ரோவின் மனைவி. கணவர் புராட்டஸ்டன்ட். மனைவி கோயிலுக்கு வராததற்கான அபராதங்களைக் கட்டிக்கொண்டு குடும்பம் நடத்தியவர். மார்கரெட் கத்தோலிக்கரானார், குருமாருக்கு இடம் கொடுத்தார், அதற்காகச் சிறைக்கும் போய்வந்தார்.

1586 மார்ச்சில் வீட்டைச் சோதனையிட்டார்கள். ஒன்றும் கிடைக்கவில்லை. வீட்டில் இருந்த ஒரு சிறுவனை மிரட்டியபோது, அவன் ரகசிய அறையைக் காட்டிவிட்டான். பூசை உடைகளும் பாத்திரங்களும் கிடைத்தன.

நீதிமன்றத்தில் 'குற்றவாளி' என்றோ 'குற்றமற்றவள்' என்றோ சொல்ல மார்கரெட் மறுத்துவிட்டார். தான் எந்தக் குற்றமும் செய்யவில்லை, அதனால் விசாரணை தேவையில்லை என்றார். விசாரணை நடந்தால் தன் பிள்ளைகளையும் வேலைக்காரர்களையும் தனக்கு எதிராகச் சாட்சி சொல்ல வைப்பார்கள், அந்தப் பாரத்தை அவர்கள் வாழ்நாள் முழுவதும் சுமக்க வேண்டியிருக்கும் என்பதும் அவருக்குத் தெரியும். பதில் சொல்ல மறுப்பவருக்கு அன்றைய சட்டம் வைத்திருந்தது ஒன்றுதான்: அழுத்திக் கொல்வது. நீதிபதிகளில் ஒருவரே தயங்கினார். பலர் சிறைக்குப் போய்ப் பதில் சொல்லும்படி கெஞ்சினார்கள். மார்கரெட் கர்ப்பமாக இருக்கலாம் என்ற பேச்சும் வந்தது.

மார்ச் 25 அன்று, ஊஸ் ஆற்றுப் பாலத்தின் மேல் இருந்த கட்டடத்தில், முதுகுக்கு அடியில் ஒரு கூர்மையான கல்லை வைத்து, மேலே கதவுப் பலகையைப் போட்டு, அதன்மேல் பாறைகளை ஏற்றினார்கள். கால் மணி நேரத்தில் எல்லாம் முடிந்தது. அவருக்கு அப்போது முப்பது வயது போல.

இதை எத்தனை முறை படித்தாலும் என்னால் சாதாரணமாகக் கடந்துபோக முடியவில்லை. அவர் என்ன செய்தார்? வீட்டுக்கு வந்தவருக்குச் சோறும் படுக்கையும் கொடுத்தார், தன் வீட்டு மாடியில் ஜெபம் செய்தார். எலிசபெத்தின் உயிருக்கும் யார்க் நகரத்துக் கசாப்புக்காரர் மனைவிக்கும் இடையில் எந்தத் தொடர்பும் இல்லை.

சதிகள் எல்லாம் பொய்யா? பேபிங்டன் சதி?

இல்லவே இல்லை. கத்தோலிக்கர்கள் பக்கம் பேசுகிற சிலர் எல்லாமே உளவாளிகள் ஜோடித்தது என்பார்கள். அது சரியல்ல. 1571இல் ரிடோல்ஃபி சதி, 1583இல் த்ரோக்மார்ட்டன் சதி, 1586இல் பேபிங்டன் சதி எல்லாவற்றுக்கும் பின்னால் உண்மையான திட்டம் இருந்தது. முதல் இரண்டில் ஸ்பெயினின் தூதர்களுக்கும் பங்கு உண்டு.

ஆந்தனி பேபிங்டன் டார்பிஷயரைச் சேர்ந்த பணக்கார இளைஞர். எலிசபெத்தைக் கொன்று, வெளிநாட்டுப் படையின் துணையோடு மேரியை விடுவிப்பது அவரும் நண்பர்களும் போட்ட திட்டம். அப்போது மேரி சார்ட்லி மாளிகையில் காவலில் இருந்தார். பீர் பீப்பாய்க்குள் மறைத்து அவருக்குக் கடிதங்கள் போய்வந்தன. அந்த வழியை ஏற்படுத்திக் கொடுத்ததே எலிசபெத்தின் உளவுத் தலைவர் பிரான்சிஸ் வால்சிங்கம்தான் என்பது மேரிக்குத் தெரியாது. கில்பர்ட் கிஃபர்ட் என்ற இரட்டை உளவாளி கடிதங்களைக் கொண்டுபோவார், தாமஸ் ஃபெலிப்ஸ் ரகசிய எழுத்தை உடைத்துப் படிப்பார், திரும்ப மூடி அனுப்புவார்கள்.

1586 ஜூலையில் பேபிங்டன் திட்டம் முழுவதையும் எழுதினார். மேரி பதில் எழுதினார். ஃபெலிப்ஸ் அந்தப் பதிலின் பிரதியில் தூக்குமரப் படம் வரைந்து வால்சிங்கத்துக்கு அனுப்பினார். கொலை செய்யப்போகிற ஆறு பேரின் பெயரைக் கேட்டு, மேரி எழுதியதைப் போல ஒரு பின்குறிப்பையும் போலியாகச் சேர்த்தார். அந்தப் போலியைக் காரணம் காட்டி மேரியை முழுக்கக் குற்றமற்றவர் ஆக்க முடியாது. மீதிக் கடிதம் அவருடையதுதான் என்றே பெரும்பாலான வரலாற்றாசிரியர்கள் கருதுகிறார்கள்.

செப்டம்பர் 20, 21 ஆகிய இரண்டு நாளில் பேபிங்டனோடு சேர்த்து 14 பேர் கொல்லப்பட்டார்கள். முதல் நாள் நடந்த கொடூரத்துக்குப் பிறகு, மறுநாள் வந்தவர்களை உயிர் போகும்வரை தூக்கில் தொங்கவிட்டார்கள். மேரி 1587 பிப்ரவரி 8 அன்று ஃபோதரிங்கே கோட்டையில் தலை வெட்டப்பட்டார். ஆணையில் கையெழுத்திட்ட எலிசபெத், அதை அனுப்பச் சொல்லவில்லை என்று செயலாளர் வில்லியம் டேவிசனைச் சிறையில் போட்டார். அந்தப் பழியை அவர் மேல் போட்டது நேர்மையான காரியமாக எனக்குத் தெரியவில்லை.

பேபிங்டன் செய்தது துரோகம். எந்த நாட்டுச் சட்டத்திலும் அது குற்றமே. அவரையும் மார்கரெட் கிளித்ரோவையும் ஒரே பட்டியலில் வைத்துப் பேசுவதுதான் தவறு.

சாதாரணக் கத்தோலிக்கர்கள் எப்படி வாழ்ந்தார்கள்?

பெரும்பாலானோர் சாகவும் இல்லை, சதி செய்யவும் இல்லை. பலர் ஞாயிறு கோயிலுக்குப் போய் முகம் காட்டிவிட்டு, வழிபாட்டில் தரும் அப்பமான நற்கருணையை மட்டும் வாங்காமல் திரும்பினார்கள். இவர்களைக் 'கோயிலுக்கு வரும் போப் ஆட்கள்' என்று ஏளனமாகச் சொன்னார்கள். சில வீடுகளில் கணவர் போவார், மனைவி போகமாட்டார். சொத்து கணவர் பெயரில் இருப்பதால் அது காப்பாற்றப்படும், பிள்ளைகளின் மதத்தை அம்மா பார்த்துக்கொள்வார்.

போகவே மாட்டேன் என்று மறுத்தவர்களை 'ரெக்யூசன்ட்' என்றார்கள், 'மறுப்பவர்' என்று பொருள். 1581இல் அவர்களுக்கு அபராதம் மாதம் 20 பவுண்ட் ஆக்கப்பட்டது. ஒரு பவுண்டுக்கு 240 பென்னி. முன்பு மாதம் நான்கு ஞாயிறுக்கு 48 பென்னி கட்டியவர் இப்போது 4,800 பென்னி கட்ட வேண்டும், நூறு மடங்கு. கட்டாவிட்டால் நிலத்தில் மூன்றில் இரண்டு பங்கை அரசு எடுத்துக்கொள்ளலாம் என்று பின்னர் வந்தது. 1593இல் வீட்டைவிட்டு ஐந்து மைலுக்கு மேல் போகவும் தடை.

பெரிய வீடுகளில் சுவருக்குள்ளும் படிக்கட்டுக்கு அடியிலும் குருமார் ஒளிய இடம் அமைத்தார்கள். அதில் கைதேர்ந்தவர் நிக்கலஸ் ஓவன் என்ற தச்சர், இயேசு சபைச் சகோதரர். உயரம் குறைவு, இரவில் தனியாகவே வேலை செய்வார். 1606இல் டவரில் சித்திரவதையில் இறந்தார், ஒரு ஒளிவிடத்தையும் காட்டிக்கொடுக்கவில்லை.

இன்னொரு பக்கம் இசையமைப்பாளர் வில்லியம் பேர்ட். ரெக்யூசன்ட் பட்டியலில் குடும்பமே இருந்தது. அவர் ராணியின் சொந்த ஆலயத்தில் பாடகராகத் தொடர்ந்தார், ரகசியமாகப் பாடப்படும் பூசைகளுக்கும் இசை எழுதினார். ராணிக்கு அவர் இசை பிடிக்கும், அது அவரைக் காப்பாற்றியது. சட்டம் எல்லோருக்கும் ஒரே மாதிரி பாயவில்லை.

தாமஸ் ஸ்டீவன்ஸ் என்பவரையும் இங்கே சொல்ல வேண்டும். அவரும் நண்பர் தாமஸ் பவுண்டும் இயேசு சபையில் சேர ரோமுக்குப் புறப்பட நினைத்தார்கள். பவுண்ட் பிடிபட்டு முப்பது ஆண்டு போலச் சிறைகளில் கழித்தார். ஸ்டீவன்ஸ் தப்பி, 1579இல் கோவா வந்து சேர்ந்து, மராத்தியில் 'கிறிஸ்த புராணம்' பாடினார்.

சித்திரவதைக்குச் சட்டம் இடம் கொடுத்ததா?

இங்கிலாந்தின் பொதுச் சட்டம் அதை ஏற்கவில்லை. அரச ஆலோசனைச் சபையின் தனி உத்தரவின் பேரில் நடத்தினார்கள்.

கத்தோலிக்கர்கள் மட்டும்தான் பாதிக்கப்பட்டார்களா?

இல்லை. அரசின் திருச்சபை போதிய அளவு சீர்திருந்தவில்லை என்று பிரிந்துபோன புராட்டஸ்டன்டுகளும் மாட்டினார்கள். ஹென்றி பேரோ, ஜான் கிரீன்வுட், ஜான் பென்ரி மூவரும் 1593இல் தூக்கிலிடப்பட்டார்கள். 1579இல் ராணி ஒரு பிரெஞ்சுக் கத்தோலிக்க இளவரசரை மணக்கக் கூடாது என்று துண்டு நூல் எழுதிய ஜான் ஸ்டப்ஸ் வலது கையை இழந்தார். வெட்டிய உடனே இடது கையால் தொப்பியைக் கழற்றி, கடவுள் ராணியைக் காக்கட்டும் என்று சொன்னார்.

வெடிமருந்துச் சதி இதன் தொடர்ச்சியா?

ஆமாம். 1603இல் ஸ்காட்லாந்து ராணி மேரியின் மகன் ஜேம்ஸ் அரியணைக்கு வந்தபோது, அம்மா கத்தோலிக்கர் என்பதால் சட்டங்கள் தளரும் என்று எதிர்பார்த்தார்கள். தளரவில்லை. ராபர்ட் கேட்ஸ்பி தலைமையில் சிலர் நாடாளுமன்றத்தையே மன்னரோடு சேர்த்து வெடிக்கத் திட்டமிட்டார்கள். 1605 நவம்பர் 5ஆம் தேதி விடியுமுன் கை ஃபாக்ஸ் 36 பீப்பாய் வெடிமருந்தோடு பிடிபட்டார். நடந்திருந்தால் நூற்றுக்கணக்கானோர் செத்திருப்பார்கள். மறுக்க முடியாத துரோகம்.

இங்கிலாந்தில் இருந்த இயேசு சபையினரின் தலைவர் ஹென்றி கார்னெட்டின் வழக்குதான் சிக்கலானது. பாவசங்கீர்த்தனத்தின் வழியாக அவருக்குச் சதி தெரிய வந்திருந்தது. அதில் கேட்டதை ரகசியமாகவே வைக்க வேண்டும், அந்த முத்திரையை உடைத்து வெளியே சொல்ல முடியாது என்றார். 1606 மே மாதம் தூக்கிலிடப்பட்டார். இதில் எனக்கு இன்னும் தெளிவான முடிவு இல்லை. அவருக்கு அது புனிதக் கடமை. அந்தக் கட்டடத்துக்குள் சாகவிருந்தவர்களின் பக்கத்திலிருந்து பார்த்தால் வேறு மாதிரி தெரிகிறது.

சரி, கடைசியில் யார் பக்கம் நியாயம்?

ஆபத்து உண்மை. போப்பின் மடல் குடிமக்களைத் துரோகத்துக்கு அழைத்தது என்பதும் உண்மை. ஆனால் அரசு செய்த தவறு, சதி செய்தவரைத் தேடிப் பிடிப்பதோடு நிற்காமல், பூசை வைத்தவரும் பூசை கேட்டவரும் சதிகாரரே என்று சட்டத்தாலேயே ஆக்கிவிட்டது. 1580க்கும் 1603க்கும் இடையில் இறந்தவர்களில் மிகப் பெரும்பாலோர் ஆயுதம் தொடாதவர்கள். அவர்கள் துரோகிகள் அல்ல என்றே நான் சொல்வேன், அவர்களின் மதத்தோடு எனக்கு உடன்பாடு இருக்கிறதா என்பது வேறு விஷயம்.

இந்தச் சட்டங்கள் எப்போது நீங்கின? இன்று என்ன மிச்சம் இருக்கிறது?

1778இலும் 1791இலும் சிறிது சிறிதாகத் தளர்ந்தன. 1829இல் கத்தோலிக்கர்கள் நாடாளுமன்றத்தில் உட்காரும் உரிமை பெற்றார்கள். மன்னர் கத்தோலிக்கராக இருக்கக் கூடாது என்ற 1701ஆம் ஆண்டு விதி இன்றும் இருக்கிறது. கத்தோலிக்கரை மணந்தால் அரியணை உரிமை போகும் என்ற பகுதி மட்டும் 2015இல் நீங்கியது.

1970இல் போப் ஆறாம் பவுல், இங்கிலாந்து, வேல்ஸ் வேதசாட்சிகள் 40 பேரைப் புனிதர்களாக அறிவித்தார். கேம்பியன், ஓவன், மார்கரெட் கிளித்ரோ மூவரும் அதில் உண்டு. யார்க் போனால் கசாப்புக்காரர்களின் பழைய தெருவான ஷாம்பிள்ஸ் இன்னும் இருக்கிறது, குறுகலாக, மேல்மாடிகள் ஒன்றை ஒன்று தொடும் அளவுக்கு. அங்கே மார்கரெட்டின் நினைவாக ஒரு சிறிய ஜெப அறை உண்டு. அவருடையது என்று போற்றப்படும் கையை அதே ஊரில் பார் கான்வென்ட்டில் கன்னியர் பாதுகாத்து வைத்திருக்கிறார்கள்.